அணங்கு, மாயம், ஊழி: காவிரிச் சமவெளியில் அமானுஷ்யக் காதல் கதைகள்

பேயும் மறுபிறவியும் வரும் நாவல், மந்திரமும் மாயமும் ஆளும் நாவல், பேரழிவுக்குப் பின் எஞ்சிய மனிதரைப் பற்றிய நாவல் ஆகிய மூன்றும் இன்றைய புத்தகச் சந்தையில் தனித்தனி வகைகள். மூன்றிலும் ஒரு காதல் கதை ஊடாக ஓடும்போது அவற்றுக்கு வாசகர் பெருகுகின்றனர். இதை மேற்கிலிருந்து வந்த புது மோகமாகக் கருதுவோர் உண்டு. தமிழில், குறிப்பாகக் காவிரிச் சமவெளியில் தோன்றிய இலக்கியத்தில், இந்த மூன்று வகைகளும் காதலோடு சேர்ந்தே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளன.

காதலுக்கு மனிதரால் கடக்க முடியாத தடைகள் மூன்று: சாவு, உடல், ஊரின் அழிவு. பேய்க்கதையும் மறுபிறவிக் கதையும் முதல் தடையைக் கடந்து பார்க்கின்றன. உருமாற்றமும் வரமும் வரும் மாயக்கதை இரண்டாவதைக் கடக்கிறது. ஊழிக்குப் பிந்தைய கதை, எல்லாம் போன பிறகு உறவு என்ன ஆகும் என்று கேட்கிறது. பழைய காப்பியங்கள் இந்தத் தடைகளைக் கடந்தபின் காதலையே துறக்கச் சொல்லின. நவீன நாவல்கள் காதல் மட்டுமே எஞ்சும் என்று சொல்கின்றன. இந்த வகைக் கதைகளின் தமிழ் வரலாறு இந்தத் திருப்பத்தின் வரலாறுதான்.

மெய்ப்பாட்டு இலக்கணம்

அச்சத்தையும் காதலையும் ஒரே கதையில் சுவைப்பது எப்படி என்ற கேள்விக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அடிப்படை வகுத்துத் தருகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் ஆகிய நான்கும் களன்கள்; அவற்றில் முதலில் நிற்பது அணங்கு, அதாவது வருத்தும் தெய்வம். வியப்பாகிய மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன களன்கள். உவகைக்குரிய நான்கில் ஒன்று புணர்வு.

அமானுஷ்யக் காதல் கதை என்பது அச்சத்தையும் மருட்கையையும் உவகையோடு பிணைத்த ஆக்கம். பயம் தனியாக நின்றால் அது திகில் கதை. வியப்பு தனியாக நின்றால் மாயாஜாலக் கதை. வாசகர் அக்கறை கொண்ட இருவர் நடுவில் நின்றால்தான் பயத்துக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. யாரை இழக்கப் போகிறோம் என்று தெரியாத இடத்தில் அச்சம் சீக்கிரம் சலித்துவிடும்.

சங்க அகப்பாடல்களிலும் இந்தச் சேர்க்கை உண்டு. காதல் நோயால் மெலிந்த மகளுக்கு முருகு அணங்கியதோ என்று தாய் ஐயுறுவாள். வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவாள். மகளின் மெலிவுக்குக் காரணம் மலைநாட்டுத் தலைவன் என்பது தோழிக்குத் தெரியும்; கேட்பவருக்கும் தெரியும். தெய்வம் பிடித்திருக்கிறது என்ற விளக்கமும் காதல் பிடித்திருக்கிறது என்ற உண்மையும் ஒரே களத்தில் மோதுகின்றன. ஆவி பிடித்ததா, மனநோயா என்று இழுக்கும் இன்றைய மர்ம நாவலின் அமைப்பு இதே போன்றதுதான்.

வலங்கைமான் வட்டத்துப் பதிப்பாசிரியர்

கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி செல்லும் சாலையில் இருக்கிறது வலங்கைமான். முன்பு தஞ்சை மாவட்டத்தில் இருந்து, இப்போது திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்த வட்டத்துக்கு உட்பட்ட உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர், 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1880-இல் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1903 வரை அங்கே பணியாற்றினார். அந்தப் பணியின் தொடக்கத்தில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரிடம் கேட்டது தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் புகழ்பெற்ற நிகழ்ச்சி. சிந்தாமணி 1887-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. இந்த மூன்று நூல்களும் அமானுஷ்யமும் காதலும் கலந்த கதைகள்.

திருத்தக்கதேவரின் சிந்தாமணிக்கு மணநூல் என்றொரு பெயரும் உண்டு. சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிறான். அமைச்சன் கட்டியங்காரன் அரசைக் கவர்ந்துகொள்ள, கருவுற்ற அரசி விசயை மயிற்பொறியில் ஏறி வான்வழியே தப்புகிறாள். பொறி இறங்கும் இடம் சுடுகாடு. அங்கே சீவகன் பிறக்கிறான். ஒரு தெய்வம் தோழி உருவில் வந்து தாய்க்குத் துணை நிற்கிறது. பிறகு, சாகும் நிலையில் கிடந்த நாயின் காதில் சீவகன் மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து நன்றியோடு திரும்புகிறது. அவன் சீவகனுக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறான்: இனிய குரல் தருவது ஒன்று, நஞ்சும் நோயும் போக்குவது ஒன்று, வேண்டிய வடிவம் தருவது ஒன்று.

இந்த மந்திரங்கள் கதையில் வெறும் அலங்காரங்களாக இல்லை. ஒவ்வொன்றும் ஒரு காதலுக்குத் திறவுகோல். பாம்பு தீண்டிய பதுமையை நஞ்சு நீக்கும் மந்திரத்தால் சீவகன் மீட்டு மணக்கிறான். ஆண்களைக் காணவே மறுக்கும் சுரமஞ்சரியின் மாளிகைக்குள் கிழவன் உருவில் நுழைகிறான். அந்தத் தளர்ந்த உடலிலிருந்து எழும் பாட்டு அவளை அசைக்கிறது. உருவம் பொய், குரல் மெய் என்று அவள் உணரும் இடம், உருமாறிய காதலனை அடையாளம் காணும் பிற்காலக் கதைகள் பலவற்றுக்கும் முன்னோடி. ஆயினும் காப்பியம் துறவில் முடிகிறது. இன்பம் அனைத்தையும் விரிவாகக் காட்டியபின் அதைக் கைவிடுவதே அதன் அறம்.

சிலப்பதிகாரத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. புகாரில் மாலதி என்ற பெண் மாற்றாள் குழந்தைக்குப் பால் ஊட்டும்போது குழந்தை இறந்துவிடுகிறது. பழிக்கு அஞ்சி அவள் கோயில் கோயிலாக ஓட, சுடுகாட்டுப் பேய் அந்தப் பிணத்தைத் தின்றுவிடுகிறது. பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் இரங்கித் தானே குழந்தை உருவம் கொண்டு வளர்கிறது. வளர்ந்து தேவந்தி என்பவளை மணந்து சில ஆண்டு வாழ்கிறது. ஒருநாள் தன் மூப்பில்லாத உண்மை வடிவைக் காட்டி, இனித் தன் கோயிலுக்கு வா என்று சொல்லிப் பிரிகிறது. கண்ணகியின் தோழியான அந்தத் தேவந்தி கணவனைத் தேடிக் கோயிலுக்கு நடப்பவள். மனிதப் பெண்ணுக்கும் மூப்பற்ற ஒருவனுக்கும் இடையிலான மணவாழ்வு இன்று உலகமெங்கும் விற்கும் நாவல்களின் மையக்கரு. இங்கே அது சில அடிகளில், கைவிடப்பட்ட மனைவியின் துயரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

மணிமேகலை: மூன்றும் ஒரே நூலில்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் அமானுஷ்யம், மாயம், பேரழிவு மூன்றும் ஒன்றாக வருகின்றன. கோவலன் மகளான மணிமேகலையைச் சோழ இளவரசன் உதயகுமரன் விரும்பிப் பின்தொடர்கிறான். அவளுக்கும் அவன்பால் மனம் செல்கிறது. மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்தில் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டதும் முற்பிறப்பு நினைவுக்கு வருகிறது: அவள் இலக்குமி என்பவளாக இருந்தாள், கணவன் இராகுலன் பாம்பின் நஞ்சால் இறந்தான், அவனே உதயகுமரனாகப் பிறந்திருக்கிறான்.

மறுபிறவிக் காதல் கதையில் இந்தக் கண்டறிதல் வழக்கமாகச் சேர்த்துவைக்கும் கருவி. சாத்தனார் அதையே பிரிக்கும் கருவியாக மாற்றுகிறார். அவன் யார் என்று தெரிந்துகொண்டது, அந்தப் பிணைப்பிலிருந்து விடுபட வேண்டிய காரணம் ஆகிவிடுகிறது. மணிமேகலை அவனைத் தவிர்க்க, தெய்வத்திடம் பெற்ற மந்திரத்தால் காயசண்டிகை என்னும் விஞ்சைப் பெண்ணின் உருவை எடுக்கிறாள். உண்மைக் காயசண்டிகை ஒரு முனிவரின் சாபத்தால் தீராப் பசியோடு புகாரில் அலைந்தவள். அவள் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வருகிறான். அவள் உருவில் இருக்கும் மணிமேகலை உதயகுமரனோடு பேசுவதைக் காண்கிறான். தன் மனைவி வேறொருவனை விரும்பிவிட்டாள் என்று எண்ணி இரவில் உதயகுமரனை வாளால் வெட்டுகிறான்.

உருமாற்றம் என்ற ஒரே மாயத்தின்மீது நிற்கிறது இந்த நாடகம். காதலைத் தவிர்க்க எடுத்த உருவே காதலனின் சாவுக்குக் காரணமாகிறது. மணிமேகலை அழுகிறாள், தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை அவளைத் தடுத்து வினையின் வழியைச் சொல்கிறது. துறவைப் போதிக்கும் நூல் ஒன்று காதலின் இழப்பை இவ்வளவு கூர்மையாக அமைத்திருப்பதே அதை வாசிக்க வைக்கும் வலிமை.

பேரழிவும் ஒரு காதலிலிருந்தே தொடங்குகிறது. சோழ மன்னன் நாகநாட்டுப் பெண் பீலிவளையோடு கூடிப் பெற்ற மகன் கப்பலில் வரும்போது மரக்கலம் கவிழ்கிறது. மகனைத் தேடும் துயரில் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. இந்த அழிவை மணிமேகலை நேரில் காண்பதில்லை. பிறர் சொல்லக் கேட்கிறாள். பிறகு தப்பியோர் வெவ்வேறு நகரங்களுக்குச் சிதறுகின்றனர். பஞ்சத்தில் வாடும் காஞ்சியில் மணிமேகலை அமுதசுரபியால் சோறிடுகிறாள். ஊழிக்குப் பிந்தைய எல்லாக் கதைகளிலும் முதல் கேள்வி உணவு. நெல் விளையும் நாட்டின் காப்பியம் அதற்குத் தந்த விடை, வற்றாத ஒரு பாத்திரம். உதயகுமரன்மீது சென்ற அன்பு ஊராரின் பசிமீது பரவுகிறது என்பதே நூல் காட்டும் தீர்வு.

சாவுக்குப் போய் மீளுதல்

இந்தக் கதைகளின் நம்பிக்கை நூல்களோடு நிற்கவில்லை. வலங்கைமான் மகா மாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவில் பாடைக் காவடி எடுக்கப்படுகிறது. கடும் நோயிலிருந்து பிழைத்தால் பாடையில் வருவதாக நேர்ந்துகொண்டவர், பிழைத்தபின் பிணம்போல் அலங்கரிக்கப்பட்டுப் பாடையில் படுக்கிறார். உறவினர் தோளில் சுமக்க, கொள்ளிச் சட்டி முன்னே செல்ல, இறுதி ஊர்வலத்தின் முறைகளோடு கோயிலைச் சுற்றி வந்து சன்னிதியில் எழுகிறார். சாவை ஊரறிய நடித்து உயிரோடு திரும்பும் சடங்கு இது. உறவினர் கண் முன்னே இறந்தவர் எழும் அந்தக் கணத்தின் உணர்ச்சியும், மறுபிறவி நாவலில் இழந்தவர் திரும்பும் கணத்தின் உணர்ச்சியும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

திரும்பி வருவது எப்போதும் அன்பாகவே இருப்பதில்லை. பழையனூர் நீலி கதை இதற்கு எதிர்முனை. கணவனால் கொல்லப்பட்ட பெண் அடுத்த பிறவியிலும் அவனைத் தொடர்கிறாள்; கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தான் அவன் மனைவி என்று ஊரவையில் வழக்காடி வெல்கிறாள். அவன் உயிருக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதுபேர், அவன் கொல்லப்பட்டதும், வாக்குத் தவறாமல் தீப்பாய்ந்தனர் என்கிறது கதை. தமிழ்ப் பேய்க்கதையில் பேய் பெரும்பாலும் அநீதி இழைக்கப்பட்ட பெண்ணாக இருப்பதன் வேர் இதுபோன்ற கதைகளில் இருக்கிறது. நீதிமன்றம் தராத தீர்ப்பை ஆவி பெற்றுக்கொள்ளும் கதையைத் திரைப்படங்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பெரிய எழுத்துப் புத்தகங்கள்

காப்பியங்கள் அச்சேறிய அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், மலிவு விலைப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றன. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை ஆகியவை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் நூல்கள். பண்டித நடேச சாஸ்திரி 1886-இல் மதனகாமராஜன் கதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

இவற்றில் வேதாளக் கதைகள் அமானுஷ்யக் காதலைப் புதிராக மாற்றியவை. ஒரு பெண்ணை மூவர் விரும்புகின்றனர், அவள் இறந்துவிடுகிறாள். ஒருவன் எலும்பைக் கங்கைக்கு எடுத்துச் செல்கிறான், ஒருவன் சாம்பலோடு சுடுகாட்டிலேயே தங்குகிறான், ஒருவன் அலைந்து உயிர்ப்பிக்கும் மந்திரம் கற்று வருகிறான். அவள் உயிர்பெற்றதும் யாருக்கு உரியவள் என்பது வேதாளத்தின் கேள்வி. உயிர் தந்தவன் தந்தைக்குச் சமம், எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகனுக்குச் சமம், சாம்பலைப் பிரியாமல் கிடந்தவனே கணவன் என்பது விக்கிரமாதித்தனின் விடை. மந்திரம் கற்றவனைவிட மந்திரமில்லாமல் காத்திருந்தவனுக்கே கதை பரிசளிக்கிறது. நல்ல மாயக்கதைகள் பெரும்பாலும் இந்த விதியைப் பின்பற்றுகின்றன: மாயம் சிக்கலை உண்டாக்கும், தீர்வு மனித குணத்திலிருந்து வரும்.

கல்கியின் இரண்டு ஆவிக் கதைகள்

தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை வெளியிட்டார். கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆளும் பகுதி அதில் மாயக்கதையின் சாயலோடு வருகிறது. அதன் பிறகு வந்த துப்பறியும் நாவல்களில், மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரைச் சேர்ந்த துரைசாமி ஐயங்காரின் மேனகா, கும்பகோணம் வக்கீல் போன்றவை மர்மத்தையும் காதலையும் கலந்தன. அவற்றின் மர்மங்கள் மனிதர் செய்தவை.

சமவெளியில் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி ரா.கிருஷ்ணமூர்த்தி, ஆவியையும் மறுபிறவியையும் நவீன வரலாற்றோடு இணைத்தவர். 1947-இல் வந்த சோலைமலை இளவரசியில், 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் ஈடுபட்ட குமாரலிங்கம் போலீசாரிடமிருந்து தப்பிப் பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான். அங்கே அவனுக்கு முந்தைய நூற்றாண்டின் காட்சிகள் தோன்றுகின்றன: ஆங்கிலேயரை எதிர்த்த மாறனேந்தல் மகாராஜாவாகத் தான் அதே இடத்தில் ஒளிந்ததும், சோலைமலை இளவரசி மாணிக்கவல்லியைக் காதலித்ததும். இப்போது அவனுக்குச் சோறு கொண்டுவரும் பொன்னம்மாள் அந்த இளவரசியா என்ற ஐயம் கதை முழுவதும் தொடர்கிறது. முற்பிறவி நினைவு இங்கே அரசியல் நினைவும்கூட. ஒரே போராட்டம் இரண்டு தலைமுறைகளில் நடக்கிறது என்பதை மறுபிறவி என்ற கருவியால் சொல்கிறார் கல்கி.

மோகினித் தீவு குறுநாவலில் பின்புலம் இரண்டாம் உலகப் போர். ஜப்பானியர் குண்டுவீச்சுக்கு அஞ்சி ரங்கூனிலிருந்து கப்பலில் தப்பி வருபவன், கப்பல் ஒதுங்கிய ஒரு தீவில் இறங்குகிறான். சிதைந்த சிற்பங்களுக்கு நடுவே ஓர் இளம் தம்பதியைச் சந்திக்கிறான். சோழ இளவரசன் சுகுமாரனும் பாண்டிய இளவரசி புவனமோகினியும் பகை நாடுகளைத் துறந்து சேர்ந்த கதையை அவர்கள் நிலவொளியில் மாறி மாறிச் சொல்கின்றனர். 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு அது உண்மையான உலக முடிவு. ஓர் உலகம் எரிந்துகொண்டிருக்கும்போது, போரை விட்டு விலகி வந்த பழங்காலக் காதலர் ஒருவனுக்குத் தென்படுவது தற்செயல் அல்ல. அரசை இழந்தாலும் காதல் எஞ்சும் என்று சொல்லும் இந்தக் கதையில், மணிமேகலையின் முடிவு தலைகீழாகிவிடுகிறது.

பொன்னியின் செல்வனில் கல்கி மூன்றாவது வழியைக் கையாண்டார். நோயுற்ற சுந்தர சோழரின் கண்ணுக்கு முன் தோன்றும் மந்தாகினியின் ஆவி உண்மையில் ஆவி அல்ல. அவள் சாயலைக் கொண்ட நந்தினி. இளமையில் விட்டுவந்த காதலியைப் பற்றிய குற்ற உணர்வே அரசரை வேடத்தை நம்ப வைக்கிறது. பேய் பொய்யாகிவிட்டபோதும் அதைப் பார்க்கவைத்த காதல் பொய்யாகவில்லை.

கும்பகோணத்து நவீனர்கள்

தீவிர இலக்கியமும் இந்தக் களத்தைத் தொட்டது. தஞ்சை வட்டாரத்துச் செம்மங்குடியில் 1907-இல் பிறந்த மௌனி, 1937-இல் மணிக்கொடி இதழில் வெளியான அழியாச்சுடர் கதையில் கோயிலின் இருளையும் யாளிச் சிலையையும் காதலின் சாட்சிகளாக்கினார். சன்னிதியில் ஒரு பெண்ணுக்கு மனதாரத் தந்த சொல், ஆண்டுகள் கழித்துக் கல்லின் அசைவாகத் திரும்புகிறது. அங்கே நடந்தது தெய்வச் செயலா, மனத்தின் செயலா என்று மௌனி முடிவு சொல்வதில்லை. புதுமைப்பித்தனின் காஞ்சனையிலும் இதே முடிவின்மை உண்டு. அங்கே அச்சம் ஒரு தம்பதியின் வீட்டுக்குள் வேலைக்காரி உருவில் நுழைகிறது.

கும்பகோணத்தைச் சேர்ந்த எம்.வி.வெங்கட்ராமின் நித்யகன்னி, வரம் என்ற மாயத்தைப் பெண்ணின் பக்கம் நின்று கேள்வி கேட்ட நாவல். ஒரு காது மட்டும் கறுத்த எண்ணூறு வெண்குதிரைகளை விசுவாமித்திரருக்குக் குருதட்சிணையாகத் தர வேண்டிய காலவர் யயாதியிடம் போகிறார். யயாதி தன் மகள் மாதவியைத் தருகிறான். மகப்பேற்றுக்குப் பிறகும் கன்னியாகவே ஆகும் வரம் அவளுக்கு உண்டு. அந்த வரத்தைக் கொண்டே அவள் மன்னன் மாற்றி மன்னனிடம் குதிரைகளுக்கு ஈடாக ஒப்படைக்கப்படுகிறாள். மாதவியும் காலவரும் ஒருவரை ஒருவர் காதலிக்கின்றனர் என்று மகாபாரதக் கதையை வெங்கட்ராம் மாற்றினார். உடல் புதிதாகிறது, மனம் புதிதாவதில்லை. இளமை மாறா வரம் காதலுக்கு உதவும் என்ற மாயக்கதையின் எதிர்பார்ப்பு இங்கே கொடுமையாக மாறுகிறது. இவ்வகையில் தமிழ் எட்டிய உச்சங்களில் ஒன்று இந்நாவல்.

தொடர்கதையும் எதிர்காலமும்

வார இதழ்கள் அமானுஷ்யத்தைத் தொடர்கதையாக வளர்த்தன. திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, கொலையுதிர் காலத்தில் பேயா அறிவியலா என்ற இழுபறியை ஒளிப்படிமத் தொழில்நுட்பத்தோடு விளையாடினார். இந்திரா சௌந்தர்ராஜன் ஊர்த் தெய்வம், சித்தர், முற்பிறவி ஆகியவற்றை மர்மக் கதையின் அச்சாக்கினார். அவருடைய விட்டுவிடு கருப்பா, 1990களில் மர்மதேசம் வரிசையில் விடாது கருப்பு என்று தொலைக்காட்சித் தொடராகி வீடுதோறும் பார்க்கப்பட்டது. மனநோய் என்ற விளக்கமும் கருப்பசாமி என்ற விளக்கமும் அதில் அருகருகே நிற்கின்றன; வெறியாட்டுக் களத்தின் பழைய கேள்விதான் அது.

எதிர்காலப் பேரழிவைப் பற்றிய நாவல் தமிழில் அரிது. தமிழ் மரபு அழிவைக் கடல்கோளாக, அதாவது கடந்தகால இழப்பாகவே நினைத்து வந்துள்ளது. நா.பார்த்தசாரதியின் கபாடபுரம் நாவலும் பின்னர் மூழ்கிய தலைநகரில் இளைய பாண்டியன் சாரகுமாரனுக்கும் கண்ணுக்கினியாளுக்கும் இடையிலான காதலைத்தான் சொல்கிறது. இந்தப் பார்வையை முன்னோக்கித் திருப்பியது, 1980களில் ஆனந்த விகடனில் வந்த சுஜாதாவின் என் இனிய இயந்திரா. 2021-ஐக் களமாகக் கொண்ட அதில் ஜீவா என்ற தலைவரின் சர்வாதிகாரம் எதையும் எண்ணாலும் அனுமதியாலும் ஆள்கிறது. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். இசைவு கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். கணவனைத் தேடும் மனைவி என்ற மிகப் பழைய கதைமாந்தர் கணினி ஆட்சிக்குள் நுழைகிறாள். துணைக்கு ஜீனோ என்ற இயந்திர நாய். ஊர் அழியாமலே மனித உறவு அழிந்த உலகத்தை இந்நாவல் காட்டுகிறது. அதன் தொடர்ச்சி மீண்டும் ஜீனோ.

உலக இலக்கியத்தில் மேரி ஷெல்லி 1826-இல் எழுதிய கடைசி மனிதன் நாவல், கொள்ளைநோய்க்குப் பின் எஞ்சிய ஒருவனைப் பற்றியது. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா 1897-இல் வந்தது. மணிமேகலைப் பதிப்புக்கு ஓராண்டு முன்பு. 2005-இல் ட்வைலைட், 2008-இல் ஹங்கர் கேம்ஸ் ஆகியவை இரத்தக்காட்டேரிக் காதலையும் சிதைந்த சமூகத்துக் காதலையும் இளையோர் வாசிப்பின் நடுவுக்குக் கொண்டுவந்தன. தமிழிலிருந்து இவை வேறுபடும் இடம் உண்டு. மேற்கத்தியக் கதையில் மூப்பற்றவன் பெரும்பாலும் சபிக்கப்பட்ட வேற்றுயிர். தமிழ்க் கதையில் திரும்பி வருவது பெரும்பாலும் உறவினர், குலதெய்வம், அல்லது நேற்றைய பிறவியின் நாமே. ஆகவே இங்கே அச்சத்தின் நடுவில் கடன், வாக்கு, வினை ஆகிய உறவுக் கணக்குகள் வந்துவிடுகின்றன.

வாசகரும் வாசிப்பும்

இத்தகைய கதைகள் சமவெளிக் கிராமங்களை அடைந்த வழிகள் பல. 1931 அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில், மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிச் செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கியது. கனகசபைப் பிள்ளை உருவாக்கிய அதைச் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் தொடங்கி வைத்தார். 1948-இல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தபின் கிளை நூலகங்கள் பெருகின. வார இதழ்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வீடு வீடாகச் சுற்றவிடும் வழக்கம், வாடகை நூலகங்கள், பேருந்து நிலையக் கடைகளின் பாக்கெட் நாவல்கள் ஆகியவை அடுத்த கட்டம். 2016-இல் கிண்டில் மின்னூல்கள் தமிழில் வரத் தொடங்கின; பிரதிலிபி போன்ற தளங்களில் அமானுஷ்யக் காதல் தொடர்களை ஏராளமானோர் கைப்பேசியிலேயே எழுதியும் படித்தும் வருகின்றனர்.

படிப்பவர் இதில் பெறும் இன்பம் தப்பித்தல் மட்டும் அல்ல. சாதி, சீதனம், குடும்ப மதிப்பு ஆகியவை கதையில் பேய் என்றும் சாபம் என்றும் வேற்றுலகம் என்றும் உருமாறி வரும்போது அவற்றோடு மோதுவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்க முடிகிறது. நேரடியாகக் கேட்க முடியாத கேள்வியை ஆவி கேட்டுவிடுகிறது. இதே வாய்ப்பு தவறாகவும் பயன்படுகிறது. மாய சக்தி உடையவன் என்பதற்காகவே பெண்ணைக் கடத்துவதும் அடக்குவதும் காதலாக ஏற்றுக்கொள்ளப்படும் நாவல்கள் குறைவில்லை. முற்பிறவிப் பந்தம் என்று சொல்லிவிட்டால் இந்தப் பிறவியில் அவளுடைய சம்மதம் தேவையில்லை என்பதுபோல் எழுதுவோரும் உள்ளனர். முற்பிறவிக் கணவனே ஆனாலும் உதயகுமரனை மறுக்கும் உரிமையை மணிமேகலைக்குச் சாத்தனார் தந்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

இவ்வகை நாவலை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. கதையிலிருந்து பேயையோ மந்திரத்தையோ அழிவையோ எடுத்துவிட்டால் காதல் அப்படியே நிற்குமானால், அமானுஷ்யம் அங்கே வெறும் பூச்சு. மந்திரம் இல்லாவிட்டால் சீவகன் சுரமஞ்சரியை அடைந்திருக்க முடியாது, வரம் இல்லாவிட்டால் மாதவி விற்கப்பட்டிருக்க மாட்டாள், உருமாற்றம் இல்லாவிட்டால் உதயகுமரன் இறந்திருக்க மாட்டான். இந்த அளவுகோலில் தேறும் நாவல்களே இலக்கியமாக நிற்கின்றன. அவை தமிழில் எண்ணிக்கையில் குறைவு. காப்பியம் முதல் தொடர்கதை வரை இவ்வளவு செழிப்பான முன்மாதிரிகள் இருந்தும், எதிர்காலப் பேரழிவைக் காவிரிச் சமவெளியில் வைத்து முழுமையாக எழுதிய பெரும் காதல் நாவல் தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.